மார்ச் கடைசியில் பிராக்: கூட்டம் கோடைக்கு, கதவு குளிர்காலத்துக்கு

கேள்வி: 2027 மார்ச் 26 முதல் 30 வரை ஐந்து நாள் பிராக் நகரத்துக்குச் சென்னையிலிருந்து அப்பா, அம்மாவோடு போகலாம் என்று இருக்கிறோம். இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி. எல்லோரும் சைவம், முட்டையும் கிடையாது. குளிர் தாங்குமா? எதைப் பார்ப்பது, எதை விடுவது?

குளிரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தேதியைப் பாருங்கள், அதில்தான் சிக்கல்.

2027-இல் ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 28. அதற்கு முந்தைய வெள்ளி (26), அடுத்த திங்கள் (29) இரண்டும் செக் நாட்டில் அரசு விடுமுறை. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என்று சுற்றிலும் இருப்பவர்கள் நீண்ட வார விடுமுறைக்கு பிராக்குக்குத்தான் வண்டியைத் திருப்புவார்கள். ஆனால் பிராக் கோட்டைக்கு நவம்பர் முதல் மார்ச் 31 வரை குளிர்கால நேரம்: உள்ளே இருக்கும் கட்டடங்கள் காலை 9 முதல் மாலை 4 வரைதான். ஏப்ரல் 1 முதல் 5 மணி வரை. கோட்டையின் தோட்டங்கள் திறப்பதும் ஏப்ரல் 1-ஆம் தேதிதான். ஆக, நீங்கள் சொல்லும் ஐந்து நாளில் கூட்டமும் அறை வாடகையும் கோடை அளவுக்கு இருக்கும், கதவு மட்டும் குளிர்காலக் கணக்கில் மூடும். போதாக்குறைக்கு 28-ஆம் தேதி அதிகாலை 2 மணியை 3 மணி ஆக்கிக் கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள். அந்த இரவில் ஒரு மணி நேரம் காணாமல் போகும்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஏப்ரல் 6 (செவ்வாய்) முதல் 10 (சனி) வரை மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்திருக்கும், தோட்டங்கள் திறந்திருக்கும், சூரியன் மறைய மாலை ஏழே முக்கால் ஆகும். செலவைக் குறைப்பதுதான் முக்கியம் என்றால் இன்னொரு வழி மார்ச் 8-லிருந்து 12 வரை. அப்போது அறைகள் மலிவு, சார்லஸ் பாலத்தில் தடையில்லாமல் நடக்கலாம். ஆனால் மரங்கள் மொட்டையாக இருக்கும், மாலை 6 மணிக்கு இருட்டிவிடும், குளிரும் ஒரு படி கூடுதல். மூட்டுவலி உள்ளவரோடு போவதால் ஏப்ரலே நல்லது. மார்ச் 26-ஐ மாற்ற முடியாது என்றாலும் சமாளிக்கலாம். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

விசா பற்றிச் சுருக்கமாக. வேண்டியது ஷெங்கன் விசா (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன்). பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு உள்ளே வந்துவிட்டால் வாங்க மாட்டார்கள். ஈஸ்டரை ஒட்டிய பயணம் என்றால் ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஷெங்கன் பகுதி முழுவதற்கும் செல்ல வேண்டும். அப்பா, அம்மா செலவை நீங்கள் ஏற்கிறீர்கள் என்றால் அதற்கான கடிதம், உறவுக்கான சான்று, உங்கள் வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் அவர்கள் விண்ணப்பத்திலும் சேர்த்து வையுங்கள். சென்னையிலிருந்து பிராக்குக்கு நேர் விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹாவில் மாறுவது எளிது. முதலில் இறங்கும் ஷெங்கன் விமான நிலையத்தில் கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள், வரிசை நீளும். பிராங்க்பர்ட், வியன்னா வழியாக வந்தால் அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குளிர். செக் மக்களிடம் ஒரு சொலவடை உண்டு: மார்ச்சில் அடுப்புக்குப் பின்னால் ஒண்டுவோம், ஏப்ரலிலும் அங்கேயேதான் இருப்போம். அவர்கள் மொழியில் எதுகையோடு வரும். அடுப்பு என்றால் ஓடு பதித்த பெரிய கணப்பு, பின்னால் ஆளே உட்காரலாம். மார்ச் கடைசியில் பகலில் 10, 12 டிகிரி வரும். விடியலில் 0-வை ஒட்டி இறங்கும். ஒரு நாள் வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்ற வைக்கும், மறுநாளே பனித்தூறல் விழும். இரண்டும் ஒரே நாளில் நடப்பதும் உண்டு. மழை அதிகம் இருக்காது, வருவது பெரும்பாலும் தூறல்தான். வாட்டுவது காற்று. வல்தாவா ஆற்றின் பாலங்கள், கோட்டை மேட்டின் திறந்த சதுக்கங்கள், டிராம் நிறுத்தங்கள் இந்த மூன்று இடத்திலும் தெர்மாமீட்டர் காட்டுவதைவிட நாலைந்து டிகிரி குறைவாகத் தோன்றும்.

ஊட்டி ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். கம்பளி நூலுக்குள் காற்று நுழையும். உடம்பை ஒட்டி மெல்லிய தெர்மல் மேலும் கீழும், அதன்மேல் ஒரு ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தூறலும் நுழையாத ஜாக்கெட். ஆக மூன்று அடுக்கு. ஒரே ஒரு கனமான கோட் வாங்கிப் போவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. டிராம், உணவகம், கடை எல்லாவற்றிலும் ஹீட்டர் ஓடும், உள்ளே 21, 22 டிகிரி இருக்கும். கனமான கோட்டோடு உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் வியர்க்கும். அந்த ஈரத்தோடு வெளியே வந்தால் குளிர் இரட்டிப்பாகத் தாக்கும். காதை மூடும் தொப்பி, கையுறை, கழுத்துக்கு ஒரு சால்வை கட்டாயம். அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், காலில் முழு உறை. கொசுவம் தரையைத் தொடாமல் இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், ஓரம் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது.

செருப்பு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிராக்கில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கால்தான். நடைபாதைகளில் உள்ளங்கை அளவு கூட இல்லாத சதுரக் கற்களை வெள்ளை, சாம்பல், சிவப்பு என்று கோலம் போல் பதித்திருப்பார்கள். தெருவின் நடுவில் உருண்ட முதுகுக் கற்கள். இவற்றுக்குச் செக் மக்கள் வைத்திருக்கும் பெயர் "பூனைத் தலை". நூற்றாண்டுக் கணக்கில் தேய்ந்து வழவழப்பான கல், தூறல் பட்டால் எண்ணெய் பூசினதுபோல் ஆகிவிடும். அதிலும் சரிவான தெருக்களில் இறங்கும்போதுதான் வழுக்கும். அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் ஷூ, கணுக்காலைப் பிடிப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் போட்டு நடந்து பழக்குங்கள். அம்மாவுக்கு மடக்கும் கைத்தடி ஒன்று, நுனியில் ரப்பர் இருக்கட்டும், வெறும் உலோக நுனி கற்களின் இடுக்கில் சிக்கும். சக்கரப் பெட்டிக்கும் இதே கதிதான். சின்னச் சக்கரம் இந்தக் கற்களில் 300 மீட்டர் உருண்டால் கழன்றுவிடும். அதனால் மெட்ரோ அல்லது டிராம் நிறுத்தத்திலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் தங்குங்கள்.

எங்கே தங்குவது? பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டித் தங்க வேண்டாம். இரவு இரண்டு மணி வரை குடிக்கூட்டம் பாடிக்கொண்டு போகும், வாடகையும் ஒன்றரை மடங்கு. உங்களுக்குச் சரியான இடம் வினோஹ்ராடி பகுதியில் நாமியெஸ்தி மீரு சதுக்கத்தின் சுற்றுவட்டாரம். காரணம் இரண்டு. விமான நிலையத்திலிருந்து 59-ஆம் எண் டிராலிபஸ் நாத்ராஜி வெலெஸ்லாவீன் மெட்ரோ நிலையத்துக்கு வரும். அங்கே பச்சை நிற ஏ தடத்தில் ஏறினால் மாறாமல் இங்கேயே இறங்கலாம். இரண்டாவது, கோட்டைக்குப் போகும் 22-ஆம் எண் டிராம் இந்தச் சதுக்கத்தைத் தொட்டுத்தான் போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: இந்த மெட்ரோ நிலையம் 53 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. நம் ஊர் மால்களில் ஓடுவதைவிட வேகம். அம்மா ஏறும்போது கைப்பிடியை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் கால் வைக்கட்டும். லிஃப்ட்டும் உண்டு.

அறை பதிவு செய்யும்போது "லிஃப்ட் இருக்கிறதா" என்று எழுத்தில் கேளுங்கள். 1900-ஐ ஒட்டிக் கட்டிய ஐந்து மாடி வீடுகள் வாடகை அறைகளாக மாறியிருக்கின்றன. பலவற்றில் லிஃப்ட் இல்லை, சிலவற்றில் லிஃப்டே அரை மாடிக்கு மேல்தான் தொடங்கும். அங்கே தரைத்தளம் கணக்கில் வராது, முதல் மாடி என்றால் நமக்கும் முதல் மாடிதான். ஆனால் நடுவில் ஒரு இடைத்தளம் ஒளிந்திருக்கலாம், அதன் படிகளையும் சேர்த்துக் கேளுங்கள். சமையலறை உள்ள அறையாக எடுங்கள், காரணம் சாப்பாட்டுப் பகுதியில் வரும்.

பயணச்சீட்டு. பிராக் மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது, நேராக உள்ளே நடந்து போய்விடலாம். மாட்டிக்கொள்வது இதனால்தான். நிலையத்தில் வாங்கும் காகிதச் சீட்டை, படிக்கட்டுக்கு முன்னால் நிற்கும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு கையில் இருந்தாலும் இல்லாததற்குச் சமம், பரிசோதகரிடம் பேசிப் பயனில்லை. ஒரு முறைதான் குத்த வேண்டும். இரண்டாம் முறை குத்தினால் சீட்டே செல்லாது. டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் அட்டையைத் தொட்டு வாங்கும் சீட்டு மட்டும் முத்திரையோடே வரும், அதை மறுபடி குத்த வேண்டாம். கைபேசியில் லீத்தாச்கா செயலியில் வாங்கினால், பணம் போன பிறகு சீட்டு உயிர்பெறச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் வண்டியில் ஏறிவிடக் கூடாது. 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று நான்கு வகை. உங்கள் ஐந்து நாளுக்கு ஒரு 72, அதன்பின் இரண்டு 24 என்று எடுத்தால் கவலையில்லை. விலை அவ்வப்போது மாறுகிறது, கிளம்பும் வாரத்தில் செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வசந்தம் வந்தால் தண்டவாள வேலையும் தொடங்கிவிடும். நிறுத்தத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தால் வண்டி வேறு வழியில் போகிறது என்று அர்த்தம்.

காசு விஷயத்தில் மூன்று பொறிகள். செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. சுற்றுலா இடங்களில் யூரோ வாங்கிக்கொள்வார்கள், அவர்கள் போடும் விலையில். பழைய நகரத்தில் தெருவில் நின்று "நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்" என்பவர் கொடுப்பது செல்லாத நோட்டோ, மதிப்புக் குறைந்த வேற்று நாட்டு நோட்டோதான், நிற்காமல் நடையைக் கட்டுங்கள். பெயர்ப்பலகை உள்ள மாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால் ஒரு வழி உண்டு: 2019 முதல் அமலில் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை 3 மணி நேரத்துக்குள் திரும்பக் கேட்டு ரத்து செய்யலாம். ரசீது கையில் இருக்க வேண்டும். ஏடிஎம்மில் "உங்கள் ரூபாயிலேயே கழிக்கட்டுமா" என்று திரையில் கேட்கும். கருணையாகத் தோன்றும், ஆனால் அங்கேதான் விலையில் பெரிய கடி. மாற்றம் வேண்டாம், கொருனாவிலேயே கழி என்பதை அமுக்குங்கள். சுவரில் தனியாக நிற்கும் இயந்திரங்களை விட்டு, செஸ்கா ஸ்போர்ஜிதெல்னா, கொமெர்ச்னி பாங்கா போன்ற வங்கிகளின் இயந்திரத்துக்குப் போங்கள்.

இனி கோட்டை. வழிகாட்டிகள் எல்லாம் "அரச பாதை" என்று ஒன்றைச் சொல்வார்கள்: வெடிமருந்துக் கோபுரம், பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம் தாண்டி நெருடோவா தெரு வழியாகக் கோட்டைக்கு ஏறுவது. முடிசூட்டு ஊர்வலம் போன வழி, உண்மைதான். ஆனால் அரசர் குதிரையில் போனார். நெருடோவாவின் ஏற்றம் மூட்டுக்கு எதிரி. நீங்கள் 22-ஆம் எண் டிராமில் பிராஷ்ஸ்கி ஹ்ராத் நிறுத்தத்தில் இறங்குங்கள். சாலையைக் கடந்து, பள்ளத்தின் மேல் போகும் பாதையில் சமதளமாக நடந்தால் கோட்டையின் இரண்டாம் முற்றம் வந்துவிடும். நுழைவில் பையைச் சோதிக்கக்கூடும், கத்தி, கத்தரிக்கோல் வேண்டாம். முற்றங்களுக்குக் கட்டணமில்லை. உள்ளே நான்கு இடத்துக்குச் சேர்த்து ஒரே சீட்டு: புனித வீட்டுஸ் பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் தேவாலயம், பொன் சந்து. 65 வயதுக்கு மேல் சலுகை உண்டு, கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டு இரண்டு நாள் செல்லும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அம்மா களைத்தால் மிச்சத்தை மறுநாள் பார்க்கலாம்.

பேராலயத்துக்கு 1344-இல் அடிக்கல் போட்டு, 1929-இல்தான் வேலை முடிந்தது. பின்பாதி பதினான்காம் நூற்றாண்டு, முன்முகம் நம் தாத்தா காலம். வாசலில் நின்று பார்த்தால் ஒட்டு எங்கே என்றே தெரியாது. மார்ச்சில் உள்ளே வெளியைவிடக் குளிரும், அந்தக் கல் முழுக் குளிர்காலத்தையும் தேக்கி வைத்திருக்கும். ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு இருப்பதால் பார்வையாளருக்கு நண்பகலுக்குப் பிறகுதான். தெற்குப் பக்க வாசலின் மேலே 1370-களின் தொடக்கத்தில் பதித்த கண்ணாடிச் சில்லு ஓவியம் இருக்கிறது, தீர்ப்பு நாள் காட்சி. வெயில் நேராக விழும் நண்பகலில்தான் அதன் பொன் துகள்கள் ஒளிரும். முதல் முற்றத்தில் இசையோடு காவலர் மாறுவதும் நண்பகலில்தான், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஓவியத்துக்கே என் ஓட்டு.

பழைய அரண்மனையில் விளாடிஸ்லாவ் மண்டபத்தை விடாதீர்கள். தூணே இல்லாமல் 62 மீட்டர் நீளம். கூரையில் கல் விலா எலும்புகள் கொடிபோல் வளைந்து பின்னும். குதிரை வீரர் போட்டியே இதற்குள் நடத்தினார்கள், குதிரை ஏறுவதற்காகவே அகலமாக, உயரம் குறைவாகக் கட்டிய படிக்கட்டு பக்கத்தில் இருக்கிறது. 1618-இல் பேரரசரின் ஆட்களைச் சன்னல் வழியே தூக்கி எறிந்து முப்பதாண்டுப் போருக்கு வழிவைத்ததும் இதே அரண்மனையில்தான். பொன் சந்துக்கு இறங்கும் வழி கரடுமுரடு, திரும்ப ஏறவும் வேண்டும். அம்மா வேண்டாம். 22-ஆம் எண் வீட்டில் எழுத்தாளர் காஃப்கா 1916-17-இல் உட்கார்ந்து எழுதினார் என்பதைத் தவிர, சந்து முழுக்க நினைவுப்பொருள் கடைகள்தான். கிழக்கு வாசலில் இறங்கும் பழைய கோட்டைப் படிகள் நூற்றுக்கு மேல், மூட்டுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கொடுமை. வந்த வழியே டிராமுக்குத் திரும்புங்கள்.

சார்லஸ் பாலம் 1357-இல் தொடங்கியது. 516 மீட்டர் நீளம், 16 வளைவு, இருபுறமும் 30 சிலை. பகல் 10 மணிக்குப் போனால் தெரிவது முதுகுகள் மட்டும். போக வேண்டியது விடியலில். அதற்கு நம் உடம்பே உதவும்: மார்ச்சில் பிராக் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் (28-க்குப் பிறகு மூன்றரை). முதல் இரண்டு நாள் விடிகாலை நாலு, ஐந்து மணிக்கே எல்லோருக்கும் தூக்கம் கலையும். புரண்டு படுக்காமல் கிளம்பிவிடுங்கள். 27-ஆம் தேதி சூரிய உதயம் 6 மணிக்குச் சற்று முன், 28-ஆம் தேதி கடிகாரம் மாறியபின் ஏறக்குறைய 6.50. சூரியன் பழைய நகரத்துக்குப் பின்னால் எழும், எதிரே மேட்டில் கோட்டைச் சுவர் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும். படம் எடுக்க அந்த இருபது நிமிடம் போதும்.

பழைய நகரக் கோபுரத்திலிருந்து நடந்தால் வலப்பக்கம் எட்டாவது சிலை புனித யான் நெபோமுக். 1683-இல் வைத்தது, பாலத்தில் மிகப் பழையது. 1393-இல் அரசன் ஆணையால் இவரை ஆற்றில் வீசினார்கள். பீடத்தின் வெண்கலத் தகட்டில் அவர் தலைகீழாக விழும் உருவம் மட்டும் தங்கமாகப் பளபளக்கும், மற்றதெல்லாம் கறுத்திருக்கும். ஆண்டு முழுக்க வருகிறவர்கள் வேண்டிக்கொண்டு தொட்டுத் தேய்த்தது, நம் கோயில் நந்தியின் நெற்றி போல. பாலத்துச் சிலைகளில் பெரும்பாலானவை நகல், மூலங்கள் சில விஷெஹ்ராத் கோட்டையின் நிலவறையில் இருக்கின்றன.

வானியல் கடிகாரம்: 1410. மணி அடிக்கும்போது அப்போஸ்தலர்களின் (இயேசுவின் சீடர்கள்) பொம்மைகள் சன்னலில் வந்து போவதைப் பார்க்கத்தான் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொரு முறை கூட்டம் கூடுகிறது. அது ஒரு நிமிடம் கூட ஓடாது. எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், பொம்மைகள் நகரும், சேவல் ஒரு கூவல், முடிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் அந்த நேரம் ஜேப்படிக்காரர்களின் அறுவடை, பையை முன்னால் மாட்டுங்கள். உண்மையில் பார்க்க வேண்டியது கூட்டம் கலைந்த பிறகு, அந்த முகப்பை. நீலம் பகல், கீழே கறுப்பு இரவு, இடையில் செம்பழுப்பு அந்திகள். ரோமன் எண்கள் 24 மணி நேரத்துக்கு, உச்சியில் நண்பகல். அதற்கும் வெளியே கறுப்பு வளையத்தில் பழைய எழுத்தில் 1 முதல் 24 வரை பொன் எண்கள். இது பழைய போஹீமியக் கணக்கு, நாள் சூரியன் மறைவில் முடியும், மறைந்து ஒரு மணி நேரமானால் மணி 1. அதனால் அந்த வளையம் ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். பகலும் இரவும் சமமான மார்ச் கடைசியில் 24 என்ற எண் வலப்பக்கம் மாலை ஆறை ஒட்டி நிற்கும். இன்னொன்று: இந்தக் கடிகாரத்துக்குக் கோடை நேரம் தெரியாது. 28-ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் கைபேசி 11 என்றால் பொன் கை 10-ஐக் காட்டும். கெட்டுப்போகவில்லை, அது சூரியனோடு ஓடுகிறது. மேலே நகர மன்றக் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, அம்மாவுக்கு உயரத்திலிருந்து ஊரைக் காட்ட இதுவே வழி.

யூத அருங்காட்சியகமும் பழைய கல்லறைத் தோட்டமும் யோசெஃபோவ் பகுதியில். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் விடுமுறை. குளிர்கால நேரத்தில் 4.30-க்கு மூடுவார்கள், கடிகாரம் மாறியதும் 6 வரை. பிங்காஸ் ஜெப ஆலயத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற செக் யூதர்களின் பெயர்கள், ஏறத்தாழ 80,000, கையால் எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்து ஆற்றுப் பக்கம் இரண்டு நிமிடம் நடந்தால் யான் பாலக் சதுக்கம். அங்கே நிற்பது 1348-இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் புலம். தமிழறிஞர் கமில் சுவெலபில் இந்த ஊர்க்காரர்தான், 1927-இல் பிறந்தவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் கடந்து போகும்போது அப்பாவிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டில்தான் அதிகம் திணறுவீர்கள். "பெஸ் மசா" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள் (மசா என்பதுதான் இறைச்சி, மசாலா என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்). ஆனால் அங்கே இறைச்சி இல்லை என்றால் துண்டு இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பூண்டு சூப், உருளைக்கிழங்கு சூப் இரண்டுக்கும் அடி பெரும்பாலும் எலும்புச் சாறு, அதன் பெயர் "வீவார்". உருளைக்கிழங்கு அடையில் முட்டை இருக்கும், பன்றிக்கொழுப்பில் பொரிப்பதும் உண்டு, அது "சாத்லோ". சைவர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்யும் வறுத்த சீஸின் மேல்மாவில் முட்டை. காளானும் சதகுப்பைக் கீரையும் போட்ட குலாய்தா சூப்பில் ஒரு முழு முட்டையே மிதக்கும். ஆக, முட்டையும் கூடாது என்றால் செக் உணவகத்தில் மிஞ்சுவது வேகவைத்த உருளைக்கிழங்கும் சாலடும். தினம் ஒரு வேளை நகர மையத்தில் உள்ள இந்திய உணவகம், மற்ற வேளை அறையில் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, தயிர், பால், வெண்ணெய், காய்கறி எல்லாம் ஆல்பர்ட், பில்லா, லிடில் கடைகளில் கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் இங்கிருந்து நன்றாக மூடிக் கொண்டுபோங்கள். வழியில் தெருவெல்லாம் சுழலும் கம்பியில் சுட்டு விற்கும் டிரெடெல்னீக்கைப் பழம்பெரும் பிராக் தின்பண்டம் என்பார்கள். அது அண்மைக்காலத்தில் சுற்றுலாவுக்காக வந்து ஒட்டிக்கொண்டது, மாவில் முட்டையும் இருக்கும்.

இப்போது மார்ச் 26-ஐ மாற்ற முடியாதவர்களுக்கு. வெள்ளிக்கிழமை யூதப் பகுதியும் சதுக்கமும் பாருங்கள், சனிக்கிழமை அருங்காட்சியகம் மூடும் என்பதால். சதுக்கத்தில் ஈஸ்டர் சந்தை நடக்கும்: வண்ணம் தீட்டிய முட்டை ஓடுகள், வில்லோக் குச்சியைப் பின்னிய சாட்டைகள். திங்களன்று பையன்கள் அந்தச் சாட்டையால் பெண்களை விளையாட்டாகத் தட்டி முட்டை வாங்குவது ஊர் வழக்கம். நகரத்தைவிடக் கிராமங்களில்தான் அதிகம். சனிக்கிழமை விடியலில் பாலம். பிறகு ஆற்றங்கரையில் நாப்லாவ்கா உழவர் சந்தை, காலை 8 முதல் மதியம் 2 வரை. ஞாயிறு காலை கடிகாரம் மாறிய குழப்பத்தில் எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம், விஷெஹ்ராத் போங்கள். மெட்ரோ சி தடத்தில் அதே பெயருள்ள நிலையம், பத்து நிமிடம் பெரிய ஏற்றமில்லாத நடை. மதில்மேல் நின்றால் ஆறு முழுக்கத் தெரியும், கட்டணமில்லை. கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் திவோர்ஷாக்கும் ஸ்மெதனாவும் இருக்கிறார்கள். மாலையில் மறக்காமல் மளிகை வாங்கிவிடுங்கள்: ஈஸ்டர் திங்களன்று 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளைத் திறக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தவறிவிட்டால் தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை உண்டு, ரயில் நிலையங்களுக்கு அந்தத் தடை இல்லை. தேசிய ஓவியக் கூடத்துக்கும் திங்கள் விடுமுறை. அந்த நாளை அம்மாவின் காலுக்குக் கொடுங்கள். ஜன்னலோர இருக்கையில் 22-ஆம் எண் டிராமில் ஒரு முழுச் சுற்று போனாலே ஊரில் பாதி தெரிந்துவிடும். கோட்டையை 30-ஆம் தேதி செவ்வாய்க்கு வையுங்கள். விடுமுறைக் கூட்டம் ஊர் திரும்பியிருக்கும், காலை 8.45-க்கு இரண்டாம் முற்றத்தில் நில்லுங்கள், 9-க்குத் திறந்ததும் முதலில் பேராலயம். அன்றிரவே விமானம் என்றால் பெட்டிகளை விடுதியில் விட்டுவிட்டு, மதியம் 2-க்குள் கோட்டையிலிருந்து இறங்கிவிட வேண்டும்.